கதவு சொன்ன பதில்

கிரிஸ்பின் ரெண்டோன், செவில் நகரத்துக்கு ஆற்றின் எதிர்க்கரையில் இருக்கும் திரியானாவில் பிறந்தவன். திரியானாவில் பிறந்த ஆண்பிள்ளை கப்பலில் போவான், போகாவிட்டால் கப்பல் கட்டுவான். கிரிஸ்பினுக்கு இரண்டுமே ஒத்துவரவில்லை. படகில் கால் வைத்தால் அவனுக்குத் தலை சுற்றியது. செவிலுக்குப் போக, படகுகளைச் சேர்த்துக் கட்டிய பாலத்தில் நடந்தாலே, அடியில் தண்ணீர் அசைவது வயிற்றில் தெரிந்தது. அப்பா மணல் படகு ஓட்டியவர். "எம் புள்ளைக்குக் கடவுள் நல்ல காலைக் குடுத்தாரு. தண்ணி மேல நிக்கிற வயித்தைத்தான் குடுக்க மறந்துட்டாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதனால் கரையிலேயே, ஆடாத தரையில் ஒரு வேலை வேண்டியிருந்தது. கறுப்புப் போர்வைச் சாமியார்கள் மடத்தில் வாசல்காரன் வேலை கிடைத்தது. வெள்ளை அங்கி, அதன் மேல் கறுப்புப் போர்வை. தோமினிக் சபைக்காரர்களைத் திரியானாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலை சுலபம். பெரிய கதவில், குனிந்து நுழையும் அளவுக்குச் சின்னக் கதவாக ஒரு திட்டிவாசல் உண்டு. யாராவது தட்டினால் உள்ளிருந்து குரல் கொடுத்துத் திட்டிவாசலைத் திறக்க வேண்டும், வந்தவரை விசாரிக்க வேண்டும், உள்ளே சொல்லி அனுப்ப வேண்டும். பேச்சு என்றால் கிரிஸ்பினுக்குச் சோறு வேண்டாம். உலகமே அவனிடம் வந்து கதவைத் தட்டிவிட்டுப் பேசியது. இதைவிட நல்ல வேலை இருக்கும் என்று அவன் நம்பவில்லை.

வாசலுக்குப் பக்கத்திலேயே பாடசாலை ஜன்னல். உள்ளே இளம் சாமியார்கள் நாள் முழுக்க வாதம் செய்வார்கள். ஒருவர் ஒரு கருத்தை வைப்பார், இன்னொருவர் அதை உடைக்கப் பார்ப்பார். லத்தீன் அவனுக்குப் பாதிதான் புரியும். ஆனால் அடிக்கடி வரும் மூன்று சொற்கள் மனதில் ஒட்டிக்கொண்டன. ஒப்புக்கொள்கிறேன். மறுக்கிறேன். பிரித்துச் சொல்கிறேன். மூன்றாவது அவனுக்கு மிகவும் பிடித்துப்போனது. மாட்டிக்கொண்டவனுக்கு அது ஒரு பின்வாசல் மாதிரி இருந்தது. அவன் அதைச் சாராயக் கடைக்கும் எடுத்துக்கொண்டு போனான்.

"நேத்து என் கழுதைய ஒதைச்சது நீதானேடா?" என்று ஒருவன் சண்டைக்கு வந்தால், "பிரிச்சுச் சொல்றேன்ணே. முதல்ல ஒதைச்சது கழுதை. நான் வாங்குனதைத் திருப்பிக் குடுத்தேன், அவ்வளவுதான்" என்பான். கடையே சிரிக்கும். கழுதைக்காரனும் சிரித்துவிடுவான்.

அப்படி இருந்தபோதுதான் மாதாவைப் பற்றிய சண்டை மூண்டது.

நகரத்தில் ஒரு பிரசங்கியார் மேடையில் ஏறி, எல்லா மனிதரையும் போல மாதாவும் முதல் மனிதனிடமிருந்து எல்லோருக்கும் ஒட்டிவரும் ஜென்மப் பாவத்தோடுதான் கருவானாள், பிறகுதான் கடவுள் அவளைச் சுத்தமாக்கினார் என்று சொன்னாராம். அவர் யார், எந்த மடத்துக்காரர் என்பதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். ஆனால் கோபம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வந்தது. பிள்ளைகள் தெருவில் மாதா பாட்டுப் பாடிக்கொண்டு ஓடினார்கள். தச்சர், தையல்காரர், கயிறு திரிப்பவர் என்று ஒவ்வொரு தொழில்காரரின் பக்த சபையும் கோயிலில் முழங்காலிட்டு, மாதா ஒரு நொடிகூடப் பாவத்தில் இருந்ததில்லை, இதற்காக ரத்தமும் சிந்துவோம் என்று சத்தியம் செய்தது. அதற்கு முந்நூறு வருடங்களுக்கு முன் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ் சபைச் சாமியார் பாரிஸ் மாநகரத்துப் பாடசாலையில் வைத்த வாதம் அது. அவர் வழி வந்தவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். தோமா அக்குவினாஸின் வழி வந்த கறுப்புப் போர்வைக்காரர்கள் விடாமல் மறுத்தார்கள். படித்தவர்கள் லத்தீனில் வைத்துப் பூட்டியிருந்த அந்த வாதம் இப்போது திரியானாவின் மீன் கடைக்கே வந்துவிட்டது.

மீன் கடை பெனிதாவுடையது. மடத்து வாசலுக்கு எதிரே பெரிய எண்ணெய்ச் சட்டி வைத்துச் சாளை மீன் பொரிப்பாள். கிரிஸ்பினும் அவளும் கல்யாணம் செய்துகொள்வதாகப் பேசி முடித்திருந்தார்கள். பேசி முடித்தது அவர்கள் இருவர் மட்டும்தான். அவளுடைய அப்பா தெல்லோ வர்காஸ் இன்னும் வாய் திறக்கவில்லை.

தெல்லோ, கப்பல் பலகைகளின் இடுக்கில் சணலைத் திணித்துத் தார் பூசும் கலப்பத்து மேஸ்திரி. கலப்பத்துக்காரர்களின் பக்த சபைக்கும் அவர்தான் தலைவர். கையில் எப்போதும் தார் இருக்கும். வாயில் எப்போதும் ஸ்கோட்டஸ் இருப்பார். அவர் எழுத்துக் கற்றவர் இல்லை. ஆனால் பிரான்சிஸ் சபைச் சாமியார்களின் பிரசங்கம் ஒன்றைக்கூட விட்டதில்லை.

"ஒருத்தி ஆத்தங்கரையில நடந்து வர்றா" என்று மீன் வாங்க வந்தவர்களிடம் ஆரம்பிப்பார். "முன்னாடி சேத்துக்குழி. அவ விழுந்தப்புறம் கையைக் குடுத்துத் தூக்குறவன் ஒருத்தன். விழுறதுக்கு முன்னாடியே புடிச்சு நிறுத்துறவன் இன்னொருத்தன். ரெண்டு பேர்ல யாருய்யா ஒசத்தி?"

"முன்னாடி புடிச்சவன்தான் மேஸ்திரி!"

"ஆங்! அப்போ பெத்த மகன் என்ன பண்ணுவான்? தாய் சேத்துல விழுற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிப்பானா? அவனால முடியும். அவனுக்கு அதுதான் அழகு. செஞ்சுட்டான். முடிஞ்சது கதை!"

கிரிஸ்பின் திட்டிவாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அவன் மனதும் தெல்லோவின் பக்கம்தான். அம்மா மடியில் கற்றதும் அதுதான். ஆனால் வாய் சும்மா இருக்காதே.

"பிரிச்சுச் சொல்றேன் மேஸ்திரி. அவ மேல ஒரு சொட்டுச் சேறுகூடப் படலையே. அப்புறம் அவளைக் காப்பாத்துனதா எப்படிச் சொல்றது? எல்லாரையும் காப்பாத்துனவர்னு ஏசுவைச் சொல்றோம். அவர் அம்மாவை மட்டும் எதுலேருந்து காப்பாத்துனாரு?"

தெல்லோவின் முகம் தார்ச் சட்டி போல் ஆகும். அதற்குள் பெனிதா கரண்டியை நீட்டுவாள்.

"இங்க வா. இந்தச் சட்டிப் பக்கம் வந்து நில்லு. எங்கப்பா உன்னை இதுல தள்ளப் போறாரு. நான் புடிச்சு நிறுத்துறேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட மேல படாது. அப்புறம் சொல்லு, காப்பாத்துனேனா இல்லையான்னு."

"ஒப்புக்கொள்கிறேன்" என்று அவன் தலையை உள்ளே இழுத்துக்கொள்வான்.

இப்படியே போயிருந்தால் வெறும் வேடிக்கையாகவே இருந்திருக்கும். ஆனால் வாசல் வழக்கம் ஒன்று குறுக்கே வந்தது.

எங்கள் ஊரில் யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் வெளியே நிற்பவர், "மாசில்லா மரியே வாழ்க!" என்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர், "பாவமின்றிக் கருவானவளே!" என்று பதில் சொல்லித் திறக்க வேண்டும். கன்னியர் மடத்தில் பலகாரம் வாங்கப் போகிறவர்கள் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். கிரிஸ்பினும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பதிலைத்தான் சொல்லிவந்தான். யாரும் அதைக் கவனித்ததில்லை. சண்டை மூண்ட பிறகு எல்லோரும் கவனித்தார்கள். கறுப்புப் போர்வை மடத்தின் கதவே ஸ்கோட்டஸின் கட்சி பேசுகிறது என்று ஊரே சிரித்தது. வேலையில்லாதவர்கள் அதைக் கேட்பதற்காகவே வந்து தட்டினார்கள்.

மடத்துத் தலைவர் அன்செல்மோ சாமி கிரிஸ்பினைக் கூப்பிட்டார். உத்ரேரா ஊர்க்காரர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். கத்தமாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

"கிரிஸ்பின், ரோமாபுரி இன்னும் இதுல தீர்ப்புச் சொல்லல. நாங்க உள்ள பாடம் நடத்துறது ஒரு மாதிரி, எங்க கதவு பேசுறது இன்னொரு மாதிரின்னா எப்படிப்பா?"

"பழக்கதோஷம் சாமி. தும்மல் வந்தா கை தானா மூக்கைப் பொத்துற மாதிரி, வாய் தானா சொல்லிடுது."

"இனிமே வாயைப் பொத்து. யாரு தட்டினாலும் 'தேவனுக்கு நன்றி'ன்னு சொல்லு. அதுல எந்தக் கட்சியும் இல்ல. இந்த வாசலுக்கு உள்ளேருந்து இன்னொரு தடவை அந்தப் பதில் வந்தா, நான் வேற ஆளைத்தான் பாக்கணும். கதவு பிரசங்க மேடை இல்ல, தெரியுதா?"

கிரிஸ்பினுக்கு அதில் நியாயம் தெரிந்தது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது. அன்றைக்கே "தேவனுக்கு நன்றி" ஆரம்பித்தது. அன்றைக்கே ஊரும் மாறியது. கடந்து போகிற பிள்ளைகள் கதவில் கல்லால் தட்டிவிட்டு, அந்தப் பதிலைக் கேட்டதும் ஊளையிட்டுக்கொண்டு ஓடினார்கள். சாராயக் கடையில் அவனுக்கு யாரும் இடம் விடவில்லை. கழுதைக்காரன்கூட, "பிரிச்சுச் சொல்றேன் கிரிஸ்பின். நீ நல்லவன்தான், ஆனா தள்ளி ஒக்காரு" என்றான்.

மறுநாள் தெல்லோ மீன் கடையில் எல்லோர் முன்னாலும் வாய் திறந்தார்.

"என் பொண்ணைக் கேட்டியாமே?"

"ஆமா மேஸ்திரி. முறையா வந்து கேக்கலாம்னுதான்..."

"ரத்தம் சிந்துவேன்னு மாதா முன்னாடி சத்தியம் பண்ணவன் நான். எம் மருமகன் மாதாவுக்கு ஒரு வார்த்தை சிந்தமாட்டேங்கிறான். இது என்ன கணக்கு?" தெல்லோ கதவைப் பார்த்துக் கை நீட்டினார். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா இங்கதான் வருவேன். என் கையால அந்தக் கதவைத் தட்டுவேன். சரியான பதில் வந்தா, கல்யாணத்துக்கு நானே மீன் பொரிப்பேன். வேற எதாவது வந்தா, அவ வேற எடம் பாத்துக்குவா."

"அப்பா, இந்தாளுக்கு வேலை போயிடும்ப்பா!"

"போகட்டும். படகு வேலைக்கு வரட்டும்."

கூட்டம் சிரித்தது. கிரிஸ்பினுக்கு நின்ற இடத்திலேயே தலை சுற்றியது.

அந்த வாரம் முழுக்க அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பதில் சொன்னால் வேலை போகும். வேலை இல்லாதவனுக்குத் தெல்லோ பெண் கொடுத்தாலும் அவளுக்கு எதைப் போட்டுக் காப்பாற்றுவது? சொல்லாவிட்டால் பெனிதாவே போய்விடுவாள். பாடசாலை ஜன்னலடியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். இளம் சாமியார்கள் அந்த வாரம் தேவதூதர்கள் இடத்தை அடைப்பார்களா என்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவனுக்கு உதவவில்லை.

கடைசியில் வழி சொன்னவள் பெனிதா. சனிக்கிழமை மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள். "சாமி என்ன சொன்னாரு? அதே வார்த்தையில சொல்லு."

"இந்த வாசலுக்கு உள்ளேருந்து அந்தப் பதில் வரக் கூடாதுன்னாரு."

"உள்ளேருந்துதானே? அப்போ வெளிய வா! தெருவுல நின்னு சொல்லு. தெரு ராஜாவுக்குச் சொந்தம், சாமியாருக்கா சொந்தம்?"

கிரிஸ்பின் அவளை வாய் பிளந்து பார்த்தான். "நீ மட்டும் பாடசாலையில இருந்திருந்தா..."

"இருந்திருந்தா ஒனக்கு யாரு மீன் பொரிக்கிறது? போ, போ. கதவை எவனோ தட்டுறான் பாரு."

ஞாயிற்றுக்கிழமை தெல்லோ தனியாக வரவில்லை. கலப்பத்துக்காரர்களின் பக்த சபை முழுவதும் கொடியோடு வந்தது. பின்னால் கயிற்றுக்காரர்கள், கழுதைக்காரன், பிள்ளைகள், நாய்கள். பெனிதா சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு நின்றாள். தெல்லோ தார் படிந்த கையால் மூன்று முறை ஓங்கித் தட்டினார்.

"மாசில்லா மரியே வாழ்க!"

உள்ளே சத்தமில்லை. திட்டிவாசல் திறந்தது. கிரிஸ்பின் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு குனிந்து வெளியே வந்தான். தெருவில் இரண்டு காலையும் ஊன்றினான். உள்ளே இருப்பதாக யாரும் சொல்லிவிடக் கூடாது என்று திட்டிவாசலைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துச் சாத்தினான். மூச்சு முழுவதையும் சேர்த்துக் கத்தினான்.

"பாவமின்றிக் கருவானவளே!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. கொடி ஆடியது. பெனிதா கை தட்டினாள். தெல்லோ மட்டும் அசையவில்லை. ஆரவாரம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"பிரிச்சுச் சொல்றேன்" என்றார்.

கிரிஸ்பின் அவரை நிமிர்ந்து பார்த்தான். அது அவனுடைய ஆயுதம்.

"நான் கதவைத் தட்டுனேன். பதில் சொன்னது கதவு இல்ல. தெருவுல நிக்கிற ஒருத்தன். தெருவுல நின்னு எவன் வேணா சொல்லலாம். இந்தக் கழுதைக்காரன்கூடத்தான் சொல்றான். அவனுக்கு என் பொண்ணைக் குடுத்துடவா?"

"குடுத்தா வேணாங்கமாட்டேன் மேஸ்திரி" என்றான் கழுதைக்காரன்.

"அப்பா, இது அழும்பு!" என்று பெனிதா கத்தினாள்.

"சத்தியம்னா சத்தியம்மா. நான் சொன்னது கதவு."

கிரிஸ்பின் எதிர்வாதம் தேடினான். தோற்றுப்போனவன் கடைசியில் தன் இடத்துக்குத்தானே போவான்? உள்ளே போகலாம் என்று திரும்பித் திட்டிவாசலைத் தள்ளினான். அது அசையவில்லை. சாத்தினால் தானாக விழும் தாழ்ப்பாள். உள்ளிருந்துதான் திறக்க வரும். அதைத் திறக்க வேண்டியவன் அவன்தான். அவனோ வெளியே நிற்கிறான்.

கூட்டத்துக்கு விஷயம் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கயிற்றுக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாசல்காரன் தன் வாசலுக்கு வெளியே!

கிரிஸ்பின் காது வரை சிவந்து போய்க் கதவைத் தட்டினான். தட்டுகிறவன் சொல்ல வேண்டியதை அவன் வாய் தானாகவே சொல்லியது.

"மாசில்லா மரியே வாழ்க!"

கதவுக்கு அந்தப் பக்கம், தெருவில் என்ன இரைச்சல் என்று பார்க்க ஒருவர் அவசரமாக வந்துகொண்டிருந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தபோதுதான் அந்தக் குரல் அவர் காதில் விழுந்தது. உத்ரேராவில் சின்னப் பையனாக இருந்தபோது, பகலெல்லாம் அம்மாவுக்காக ஓடிப்போய், அந்தப் பதிலைச் சொல்லிக் கதவைத் திறந்தவர் அவர். பாரிஸும் தெரியும், அக்குவினாஸும் தெரியும். எல்லாம் பிறகு படித்தது. வாய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"பாவமின்றிக் கருவானவளே!" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று தெளிவாகச் சொன்னது.

திட்டிவாசல் திறந்தது. அன்செல்மோ சாமி நின்றார்.

சாமி கூட்டத்தைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், கிரிஸ்பினைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக எட்டியது. பெரிய முகம் மெல்லச் சிவந்தது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று முன்வரிசையில் இருந்தவர்கள் பயந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா இப்ப மேலேருந்து பாத்துக்கிட்டு இருப்பா" என்றார். "இதுக்குத்தானா உன்னைப் படிக்க அனுப்புனேன்னு கேப்பா."

தெல்லோ தொப்பியைக் கழற்றினார். எதிரியின் கதவே ஆனாலும், அவர் கேட்டதற்கு அது பதில் சொல்லிவிட்டது. "சாமி, நான் கேட்டது இந்தக் கதவோட பதில். அது வந்துருச்சு. பொண்ணு ஒங்க வாசல்காரனுக்குத்தான்."

"கொஞ்சம் இருங்க மேஸ்திரி. நான் ஒங்க கட்சிக்கு வந்துட்டதா ஊர் பூரா சொல்லிடாதீங்க. நாளைக்கும் பாடம் பழைய பாடந்தான்."

"பாடம் நீங்க நடத்துங்க சாமி. பதிலை ஒங்கம்மா பாத்துக்குவாங்க."

கிரிஸ்பின் கைகட்டி நின்றான். "சாமி, என் வேலை..."

"உள்ளேருந்து சொன்னா வேலை போகும்னேன். நீ வெளியேருந்துதான் சொன்னே. உள்ளேருந்து சொன்னது நான்." சாமி யோசித்தார். "ரெண்டு வெள்ளிக்கிழமை எனக்கு மீன் கிடையாது. இதான் தீர்ப்பு. பெனிதா, கேட்டுக்கிட்டியா? நான் கெஞ்சினாலும் குடுக்காதே."

கல்யாணம் திரியானா பங்குக் கோயிலில் நடந்தது. தெல்லோ சொன்னபடியே மீன் பொரித்தார். பாதி தீய்ந்தது, பாதி வேகவில்லை, ஆனால் யாரும் மேஸ்திரியிடம் அதைச் சொல்லவில்லை. மடத்திலிருந்து ஒரு கூடை சீமை மாதுளைப் பழம் வந்தது. கிரிஸ்பின் மாமனாரின் பக்த சபையில் சேர்ந்தபோது, "ரத்தம் சிந்துவேன்னா எவ்வளவு மாமா?" என்று கேட்டான். "கேட்டா குடுக்கணும்டா. இதுவரைக்கும் எவனும் கேக்கல" என்றார் தெல்லோ.

சில காலம் கழித்து, மாதாவின் உற்பவத்தை, அதாவது அவள் பாவமின்றிக் கருவானதை, எதிர்த்து யாரும் பொது இடத்தில் பேசக் கூடாது என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. நகரம் கொளுத்திய வாணவேடிக்கை திரியானாவிலிருந்தும் தெரிந்தது. அன்செல்மோ சாமி ஜன்னலில் நின்று அதைப் பார்த்தார். மறுநாள், கதவில் இனி வாய்க்கு வருவதைச் சொல்லலாம் என்று மட்டும் சொன்னார். பாடசாலையில் வாதம் நிற்கவில்லை, லத்தீனில் தொடர்ந்தது. மீன் கடையிலும் நிற்கவில்லை. கிரிஸ்பின் இரண்டு பக்கத்துக்கும் கேள்வி எடுத்துக் கொடுத்துக்கொண்டு, சாகும்வரை அந்த வாசலிலேயே வேலை பார்த்தான்.

அவர்களுக்கு முதலில் பெண் குழந்தை பிறந்தது. பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்டு, அன்செல்மோ சாமியையே ஞானஸ்நானம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். சாமி குழந்தையின் தலைக்கு மேல் தண்ணீரோடு கையைத் தூக்கிக்கொண்டு பேர் என்ன என்று கேட்டார்.

"கொன்செப்சியோன்" என்றார் தெல்லோ, கோயிலின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி. ஸ்பானிய மொழியில் அந்தப் பேருக்கு மாதாவின் உற்பவம் என்றுதான் பொருள்.

சாமியின் கை அப்படியே நின்றது. "ஊர்ல வேற பேரே இல்லையா மேஸ்திரி?"

"இருக்கு சாமி" என்றாள் பெனிதா. "அடுத்தது பையனாப் பொறந்தா ஒங்க தோமா பேரைத்தான் வைக்கப் போறோம். சத்தியம்."

சாமி திருப்தியாகத் தண்ணீரை ஊற்றினார். குழந்தை வீறிட்டு அழுதது.

அடுத்ததும் பெண்ணாகத்தான் பிறந்தது.